தட்டில் தெரியும் வளையம் மருந்தாகுமா?

பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் நடக்கும் அறிவியல் கண்காட்சிகளில் ஒரு தலைப்பை அடிக்கடி பார்க்கிறேன்: ‘மருந்துக்கு அடங்காத கிருமிகளை வெல்லும் மூலிகை எண்ணெய்கள்’. மேசையில் துளசி, கிராம்பு, ஓமம், கற்பூரவல்லி, யூகலிப்டஸ் என்று ஐந்தாறு குப்பிகள். பின்னால் ஓர் அட்டை. அதில் பாக்டீரியா வளர்த்த கண்ணாடித் தட்டின் படம். எண்ணெய் வைத்த இடத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் தெரியும். கீழே முடிவுரை: ‘எனவே ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு மாற்றாக மூலிகை எண்ணெய்களைப் பயன்படுத்தலாம்.’

படம் உண்மைதான். ‘எனவே’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் பல ஆண்டு ஆய்வும் பல கேள்விகளும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தால், குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வரும்போது மருத்துவமனைக்குப் போகாமல் எண்ணெயைத் தேடும் வீடு உருவாகும். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கப் பழக்கினால், நல்ல அறிவியல் வகுப்பு ஒன்று நமக்குக் கிடைக்கும்.

ஊரப்பாக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு ‘நுண்ணுயிரிகளின் உலகம்’ பாடத்தை ஒட்டி மூன்று பாடவேளைகளில் இதை நடத்துகிறேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

நம் பக்கத்து ஊரின் கதை

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா என்றதும் மாணவர்கள் அதை ஏதோ வெளிநாட்டுச் செய்தியாக நினைக்கிறார்கள். எனவே பாடத்தைச் சென்னை தரமணியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கு ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டனின் டிமோத்தி வால்ஷ் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2010இல் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். என்.டி.எம்-1 என்ற நொதியை உருவாக்கும் மரபணுவைச் சுமந்த பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 கண்டறியப்பட்டதாக அது தெரிவித்தது.

இந்த நொதி என்ன செய்கிறது? மற்ற மருந்துகள் பலிக்காதபோது மருத்துவர்கள் கையில் எடுக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே உடைத்துப் போடுகிறது. அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதை எளிதாகக் கடத்திவிடுகிறது.

2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்குகளை நெறிப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. அதற்குப் பெயரே ‘சென்னைப் பிரகடனம்’. 2014 மார்ச்சில் ‘எச்-1’ அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

உலக அளவிலான ஒரு மதிப்பீட்டையும் கரும்பலகையில் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாகி நேர்ந்த இறப்புகள் சுமார் 12.7 லட்சம். அவை ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய இறப்புகள் சுமார் 49.5 லட்சம். இந்த எண்களைப் பார்த்த பிறகு, ‘வேறு வழி உண்டா?’ என்று மாணவர்களே கேட்பார்கள். அப்போது எண்ணெய்க் குப்பிகளை மேசையில் வைக்கலாம்.

எது நறுமண எண்ணெய்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சில நூல்களில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்ற மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர், உடலுக்கு அவசியமான எண்ணெய் என்று புரிந்துகொள்கிறார். இங்கே குறிக்கப்படுவது தாவரத்தின் ‘எசன்ஸ்’, அதாவது அதன் மணச்சாறு. ‘நறுமண எண்ணெய்’ அல்லது ‘ஆவியாகும் எண்ணெய்’ என்று சொன்னால் பொருள் விளங்கும். ‘தைலம்’ என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தாது. எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. நாட்டு மருத்துவத்தில் நல்லெண்ணெய் போன்றவற்றில் மூலிகை சேர்த்துக் காய்ச்சியவையும் தைலம்தான்.

*செயல்பாடு 1:* ஒரு வெள்ளைத் தாளில் நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், கிராம்பு எண்ணெய் ஆகியவற்றில் ஒவ்வொரு சொட்டு வைத்து, காற்றோட்டமான இடத்தில் விட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை நிலைக்கும். யூகலிப்டஸ் சொட்டு விரைவாக மறையும். கிராம்பு எண்ணெய் மெதுவாக ஆவியாகும். வேப்பெண்ணெய் நறுமண எண்ணெய் வகையில் சேராது என்பது பல மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இந்த எண்ணெய்களைப் பெரும்பாலும் நீராவியால் வடித்தெடுக்கிறார்கள். நீலகிரிக்கு 1843இல் வந்து சேர்ந்த யூகலிப்டஸ் மரத்தின் இலைகளைப் பெரிய கொதிகலனில் அடைத்து நீராவி செலுத்துவார்கள். நீராவியோடு வெளியேறும் எண்ணெய், குளிர்ந்ததும் தண்ணீரின் மேல் மிதக்கும். கிராம்பு எண்ணெயோ தண்ணீரைவிட அடர்த்தி கூடியது என்பதால் அடியில் தங்கும். ஒரு சொட்டை நீரில் விட்டுக் காட்டினால் அடர்த்திப் பாடமும் நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு எண்ணெயிலும் பல சேர்மங்கள் கலந்திருந்தாலும் ஒன்றிரண்டு மேலோங்கி நிற்கும். கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், கற்பூரவல்லியில் கார்வக்ராலும் தைமாலும், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், யூகலிப்டஸில் சினியோல். கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் விளையும் கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கற்பூரவல்லியோ எங்கள் மாணவர்கள் பலரின் வீட்டு வாசல் தொட்டியிலேயே இருக்கிறது.

எண்ணெய் எப்படித் தாக்குகிறது?

பென்சிலின் ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் தடுக்கிறது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது அதற்கு உதவும் நொதியைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடிக்கிறது. நம் செல்களுக்குச் செல்சுவரே கிடையாது. அதனால் பென்சிலின் பாக்டீரியாவைக் கொன்றாலும் நம் செல்களைத் தொடுவதில்லை.

யூஜினால், தைமால், கார்வக்ரால் போன்றவை செயல்படும் விதம் வேறு. அவை கொழுப்பில் எளிதில் கரைபவை. பாக்டீரியாவின் செல் சவ்வு கொழுப்பால் ஆனது. அதற்குள் இவை புகுந்து ஒழுங்கைக் குலைக்கும்போது, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் அயனிகளும் ஏ.டி.பி. மூலக்கூறுகளும் வெளியே கசிகின்றன. ஓரிலக்கைத் தாக்கும் மருந்தைப் பாக்டீரியா ஒரு நொதியாலோ ஒரு மரபணு மாற்றத்தாலோ ஏமாற்றிவிடலாம். சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது அதைவிடக் கடினம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாவையும் சில எண்ணெய்கள் ஆய்வகத் தட்டில் கொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இங்கேதான் வகுப்பில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறேன்: “செல் சவ்வு பாக்டீரியாவுக்கு மட்டும்தான் இருக்கிறதா?”

சில நொடி அமைதிக்குப் பிறகு யாராவது ஒருவர், “நமக்கும் இருக்கு டீச்சர்” என்பார். பாடத்தின் மையம் அந்தப் பதில்தான். பிளீச்சிங் பவுடரும் பாக்டீரியாவைக் கொல்லும், கொதிநீரும் கொல்லும். அவற்றை யாரும் உள்மருந்தாகக் குடிப்பதில்லை. கிருமியைக் கொல்வது பாதி வேலை. நம் செல்களை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வதுதான் மருந்தின் வேலை.

வளையத்திடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

கண்காட்சி அட்டையில் உள்ள தட்டின் படத்தைக் காட்டி, கீழ்க்கண்ட நான்கு கேள்விகளைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறேன்.

*1. எந்த பாக்டீரியா?* பாக்டீரியாக்களில் கிராம் நேர், கிராம் எதிர் என இரு பிரிவுகள் உண்டு. கிராம் எதிர் வகைக்கு வெளிச்சவ்வு என்ற கூடுதல் கவசம் உள்ளது. எனவே பல எண்ணெய்கள் அவற்றிடம் வலுக்குறைந்து போகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குறிப்பாகப் பிடிவாதமானது. உள்ளே வரும் பொருளை வெளியே தள்ளும் பம்புகளும் அதனிடம் உண்டு. என்.டி.எம்-1 அதிகம் காணப்பட்ட ஈ.கோலை, கிளெப்சியெல்லா இரண்டும் கிராம் எதிர் வகையே. ஒரு பாக்டீரியாவிடம் கிடைத்த வளையத்தை எல்லாக் கிருமிகளுக்கும் நீட்டிச் சொல்லக் கூடாது.

*2. வளையத்தின் அளவு எதைச் சொல்கிறது?* எண்ணெய் தண்ணீரில் கரையாது. தட்டில் உள்ள அகார் பெரும்பாலும் தண்ணீர். ஆகவே வலிமையான எண்ணெயும் சரியாகப் பரவாமல் சிறிய வளையம் தரலாம். ஆவியாகிப் பக்கத்து வட்டத்தையும் பாதிக்கலாம். ஆன்டிபயாடிக் வட்டில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் அளந்த மருந்து. எண்ணெய் வட்டிலோ ஒரு சொட்டு முழு எண்ணெய். இரண்டு வளையங்களையும் அளவுகோலால் அளந்து, ‘எண்ணெய் வென்றது’ என்று எழுதுவது நியாயமான போட்டி ஆகாது.

*3. எவ்வளவு தேவை?* பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு, அவற்றுக்கு அடங்கும் பாக்டீரியாவிடம், 1 மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். எண்ணெய்களுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. இதை ஒரு கணக்காகவே தரலாம். 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் தேவை என்று கொள்வோம். வளர்ந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவு நிற்க எவ்வளவு எண்ணெய் வேண்டும்? விடை: 5 கிராம். இதனருகே இன்னொரு உண்மையை எழுதுங்கள்: சிறு குழந்தை 5 மில்லிலிட்டர் அளவு யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

*4. உடலுக்குள் போனால் என்ன ஆகும்?* தட்டில் எண்ணெய் நேரடியாகப் பாக்டீரியாவைத் தொடுகிறது. விழுங்கிய எண்ணெயைக் கல்லீரல் மாற்றிவிடும், சிறுநீரகம் வெளியேற்றும், ரத்தத்தில் உள்ள புரதங்கள் பற்றிக்கொள்ளும். நுரையீரலிலோ ரத்தத்திலோ இருக்கும் கிருமியிடம் போதிய அளவு போய்ச் சேருமா என்பது தனி ஆய்வு. அதன்பின் விலங்குகள், பிறகு மனிதர்கள் என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும்.

மனிதரிடம் சோதித்தபோது

எல்லாப் படிகளையும் ஏறிப் பார்த்த ஓர் எடுத்துக்காட்டு இருந்தால் மாணவர்களுக்கு நன்கு புரியும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீ ட்ரீ என்ற மரத்தின் எண்ணெய் அப்படிப்பட்டது. நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தோலிலும் மூக்கிலும் சுமந்திருந்த 224 நோயாளிகளிடம் பிரிட்டனில் ஓர் ஒப்பீட்டுச் சோதனை நடந்து, 2004இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு டீ ட்ரீ களிம்பும் குளியல் திரவமும்; மற்றவர்களுக்கு வழக்கமான மூக்குக் களிம்பும் கிருமிநாசினியும்.

முடிவு: எண்ணெய்ப் பிரிவில் 41 சதவீதம் பேரிடமும் வழக்கமான பிரிவில் 49 சதவீதம் பேரிடமும் பாக்டீரியா நீங்கியது. மூக்கில் வழக்கமான களிம்பு தெளிவாக முந்தியது: 78க்கு 47 சதவீதம். தோலின் மேற்பரப்பிலும் புண்களிலும் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது.

“யார் ஜெயிச்சாங்க டீச்சர்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். ‘எங்கே?’ என்று திருப்பிக் கேளுங்கள். நறுமண எண்ணெய்களின் களம் உடலின் வெளிப்பரப்பு என்பது அப்போது தெரியவரும். வாய் கொப்பளிக்கும் திரவங்கள் சிலவற்றில் தைமால், சினியோல், மென்தால் ஆகியவை இருக்கின்றன. பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடுடன் யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். ரத்தத் தொற்றுக்கோ நிமோனியாவுக்கோ ஆன்டிபயாடிக்கின் இடத்தில் நறுமண எண்ணெய் கொடுப்பதில்லை.

ஆய்வாளர்கள் நம்பிக்கை வைக்கும் இன்னொரு பாதை, துணைவன் வேடம். அமாக்சிசிலினை உடைக்கும் நொதியைக் கிளாவுலானிக் அமிலம் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே மாத்திரையாக இன்று புழக்கத்தில் இருக்கிறது. அதுபோல, மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் வெளியேற்றும் பம்பைத் தடுத்து சிப்ரோஃபிளாக்சசினின் வேலையை எளிதாக்குவதை ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வகத்தினர் 2006இல் ஆய்வகச் சோதனையில் காட்டினர். பைப்பரின் ஆவியாகும் எண்ணெய் அல்ல. ஆனாலும் தாவரப் பொருள் ஆன்டிபயாடிக்குக்குத் துணை நிற்கலாம் என்பதற்கு நல்ல சான்று. யூஜினால், கார்வக்ரால் ஆகியவற்றையும் இந்த நோக்கில் ஆராய்கிறார்கள்.

பாட்டி வைத்தியத்துக்கு உரிய இடம்

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒன்றில் கவனம் தேவை. வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்யும் தொனி வந்துவிடக் கூடாது. ஒரு மாணவி எழுந்து, “சளி பிடிச்சா எங்க ஆயா கற்பூரவல்லி கஷாயம் குடுக்கும். நாலு நாள்ல சரியாயிடும். அது பொய்யா டீச்சர்?” என்று கேட்டாள்.

பொய் இல்லை. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. தானாகவே சில நாட்களில் குணமாகும். ஆன்டிபயாடிக் வைரஸிடம் வேலை செய்யாது. கஷாயம் தொண்டைக்கு இதமளித்து அந்த நாலு நாளைக் கடக்க உதவியது. கஷாயம் இல்லாத வீட்டில் என்ன நடந்திருக்கும்? மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார்கள். சளி அதே நாலு நாளில்தான் போயிருக்கும். ஆனால் உடலில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கும் வகை தப்பிப் பெருகியிருக்கும். தேவையற்ற ஒரு மாத்திரையை அந்த ஆயா தவிர்த்திருக்கிறார். மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிரான போரில் அது உண்மையான பங்களிப்பு. எண்ணெய் கிருமியைக் கொன்றது என்பதைவிட இந்த விளக்கம் மாணவருக்குப் பெருமையும் தருகிறது, அறிவியலுக்கும் பொருந்துகிறது.

எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால், காய்ச்சல் இறங்காவிட்டால், குழந்தை சோர்ந்து விழுந்தால், சிறுநீரில் எரிச்சலோடு குளிர்காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் மரத்துப்போகச் செய்யும். பல்லின் வேரில் உள்ள சீழ் போகாது. வலி குறைவதும் தொற்று நீங்குவதும் ஒன்றல்ல. மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும். குறைந்த அளவில் பென்சிலின் எடுத்தால் அதற்கு அடங்காத பாக்டீரியா உருவாகும் என்று அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே எச்சரித்திருக்கிறார்.

செயல்பாடு 2: இட்லி மாவுச் சோதனை

பள்ளியில் கையிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ பாக்டீரியா எடுத்து வளர்க்கக் கூடாது. எது வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. பாதுகாப்பாக அழிக்கும் வசதியும் இல்லை. அதற்குப் பதில் நம் சமையலறையிலேயே நல்ல பாக்டீரியா இருக்கிறது. இட்லி மாவு பொங்குவதில் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்குண்டு; அது வெளியிடும் கார்பன் டைஆக்சைடால் மாவு உயர்கிறது.

ஒரே அளவுள்ள நான்கு ஒளிபுகும் குப்பிகளில், அப்போது அரைத்த மாவைப் பாதிக்கும் குறைவாக, சம அளவில் ஊற்றுங்கள்.

அ. மாவு மட்டும்
ஆ. மாவுடன் ஒரு தேக்கரண்டி அரிசி மாவு
இ. மாவுடன் ஒரு தேக்கரண்டி கிராம்புத் தூள்
ஈ. மாவுடன் ஒரு தேக்கரண்டி ஓமத் தூள்

மூடியை இறுக்காமல் வைத்து, தொடக்க மட்டத்தைக் கோடிட்டு, மணிக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். ‘ஆ’ குப்பி எதற்கு என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். தூள் சேர்த்ததாலேயே மாவு கெட்டியாகி உயராமல் போயிருக்கலாமே! அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்குத்தான் அது.

எங்கள் வகுப்பில் கிராம்புக் குப்பி எல்லாக் குழுக்களிலும் பின்தங்கியது. ஓமக் குப்பியில் குழுக்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதுவே நல்ல விவாதமானது: ஓமம் பழையதா? தூள் ஒரே சீராக இருந்ததா? குப்பி வெயிலில் இருந்ததா? மீண்டும் செய்து பார்க்காமல் முடிவு எழுத முடியாது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே புரிந்துகொண்டார்கள். சோதனைக்குப் பயன்படுத்திய மாவைச் சாப்பிடக் கூடாது. முதல் செயல்பாட்டுக்கான எண்ணெய்க் குப்பிகளை ஆசிரியரே கையாள வேண்டும். தோலிலோ கண்ணிலோ படக் கூடாது.

செயல்பாடு 3: சிவப்புக் கோட்டைத் தேடு

வீட்டில் உள்ள காலி மாத்திரை அட்டைகளைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, பின்புறம் சிவப்புச் செங்குத்துக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. யார் வீட்டில் என்ன மருந்து என்று வகுப்பில் கேட்க வேண்டாம். ‘கோட்டைப் பார்த்தேன், வீட்டில் விளக்கினேன்’ என்று சொன்னால் போதும். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை இதற்கான உலக விழிப்புணர்வு வாரம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்களையே பேச வைக்கலாம்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. வேப்பெண்ணெய் ஏன் நறுமண எண்ணெய் வகையில் சேராது?
2. பென்சிலின் நம் செல்களைத் தாக்காததும், யூஜினால் மிகுந்தால் தாக்குவதும் ஏன்?
3. எண்ணெய்க்கு 20 மி.மீ., ஆன்டிபயாடிக்குக்கு 15 மி.மீ. வளையம் கிடைத்ததாகக் கொள்வோம். எண்ணெயே வலிமையானது என்று சொல்ல வேறு என்ன தகவல்கள் தேவை?
4. இட்லி மாவுச் சோதனையில் ‘ஆ’ குப்பி இல்லையென்றால் முடிவில் என்ன ஐயம் எழும்?
5. கண்காட்சி அட்டையின் கடைசி வரியைத் திருத்தி எழுதுக.

ஐந்தாவது வினாவுக்கு ஒரு மாணவர் எழுதிய விடை இது: ‘கிராம்பு எண்ணெய் தட்டில் இந்த பாக்டீரியாவைத் தடுத்தது. மனிதருக்கு மருந்தாகுமா என்பதை இனிமேல்தான் ஆராய வேண்டும். அதுவரை மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கை வீணாக்காமல் காப்பாற்றுவோம்.’ உங்கள் பள்ளிக் கண்காட்சியிலும் இப்படி ஓர் அட்டை இடம்பெறட்டும்.